நான்காவது வால்வு

நம் இருதயம் நிமிஷத்திற்குச் சுமார் 72 தடவை துடிக்கிறது. ஒரு நாளைக்கு அது 1 லட்சத்தைத் தாண்டும்; ஓர் ஆண்டிற்கு 3 கோடியே 75 லட்சத்தையும் தாண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இருதயத்தினுள் அமைந்த நான்கு வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரத்தம் முன்னோக்கியே செல்லவேண்டும். வந்த வழியே திரும்புதல் ஆகாது. இவ்வளவே அவற்றின் கடமை. ஆயினும் இக்கடமை தவறின் மனிதன் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறான்.

நம் நாட்டில் இளம் வயதிலேயே வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல் என்பது. குழந்தைக்குத் தொண்டையில் வலி வருகிறது. சில நாளில் தணிகிறது. பின்னர்க் காய்ச்சலும் முழங்கால், கணுக்கால் மூட்டுகளில் வீக்கமும் தோன்றுகின்றன. அவையும் மறைகின்றன. ஆனால் அக்காய்ச்சல் வால்வில் விட்டுச் சென்ற வடு மறைவதில்லை. வால்வு பெரிதும் பழுதாகிப் பழுதுபார்க்கவும் இயலாதபோது, அதனை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்தவேண்டியதாகிறது.

செயற்கை வால்வு 1960-ஆம் ஆண்டிலிருந்தே மேனாடுகளில் வழக்கத்திற்கு வந்துவிட்டது. இந்தியாவிலோ அது நெடுங்காலம் இறக்குமதிச் சரக்காகவே இருந்தது. கூலிவேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளை மிகுதியாகத் தாக்கும் நோய்க்கு, அவர்கள் விலை கொடுத்து வாங்கவொண்ணாத மருந்து! இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சி திருவனந்தபுரத்தில் தொடங்கிற்று.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973-இல் அளித்த கட்டடத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் தோன்றி, 1976-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. அவர்கள் அளித்த பூஜப்புரை மாளிகையில் மருத்துவப் பொறியியல் பிரிவு அமைந்தது. 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்நிலையம் தேசிய முக்கியத்துவம் பெற்று, மத்திய விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின்கீழ் வந்தது. ரணசிகிச்சை நிபுணர் ஒருபுறமும், உலோகம் அறிந்த பொறியாளர் மறுபுறமுமாக ஒரே நிலையத்தில் உழைப்பது அந்நாளில் நம் நாட்டிற்குப் புதுமை. முன்னவர்க்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் எம். எஸ். வலியத்தான், பின்னவர்க்கு ஜி. எஸ். புவனேஸ்வர்.

அவர்கள் வகுத்த வால்வு பார்வைக்கு எளியது: ஒரு வளையம், அதனுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு. ஆனால் முதல் மாதிரி தோல்வியுற்றது. பற்றவைத்த இடத்தில் உலோகம் நொறுங்குந் தன்மை அடைந்தது. அடுத்த மாதிரியில் பாகங்கள் உராய்ந்து தேய்ந்தன. மூன்றாவதில், கடினத்திற்குப் பெயர்போன நீலக்கல் படிகத்தாலான தகடே மோதலைத் தாங்காமல் பிளந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஆண்டுகள் பல சென்றன. ஒவ்வொன்றிற்கும் பொதுப் பணம் செலவாயிற்று. மத்திய அரசாங்க ஏடுகளைத் தமிழாக்குவதே நம் தொழிலாதலால், மானியக் கணக்குகளைத் தினமும் காண்கிறோம். செலவு ஒரு பத்தியில் இருக்கும். பயன் மறு பத்தியில் இருக்கும். பயன் பத்தியில் மூன்று முறை ‘இல்லை’ என்று எழுத நேர்ந்த திட்டத்திற்கு நான்காம் முறை பணம் ஒதுக்குவது எளிதன்று. இலாபத்தை நாடும் வியாபாரி அதனைச் செய்யமாட்டான். அவனைக் குறை கூறுவதற்கும் இல்லை. தோல்வியின் செலவைத் தாங்கி, அத்தோல்வி கற்பித்த பாடத்தைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் பொறுப்பாகிறது.

நான்காவது மாதிரியில் கோபால்ட் கலப்பு உலோகத்தை ஒரே கட்டியிலிருந்து கடைந்து வளையமாக்கினர். பற்றவைப்பே இல்லை. தகடு வலிய பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கினால் ஆயது. தையல் வளையம் பாலியெஸ்டர். சோதனை இயந்திரத்தில் 35 கோடித் தடவைக்கு மேல் அது திறந்து மூடியது. நாம் முன்னர்ச் சொன்ன கணக்குப்படி, இது ஒன்பது ஆண்டுத் துடிப்புக்கு மேற்பட்டது. விலங்குகளிடமும் சோதித்த பின்னரே, 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்திப் பார்த்தனர். பின்னர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. இன்று இவ்வால்வைத் தாங்கியோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர். டாக்டர் வலியத்தான் 2024-இல் மறைந்தார், வால்வுகள் துடித்துக்கொண்டிருக்கின்றன.

கருத்து இருந்தால் போதும், கருவி தானே வந்துவிடும் என்பாரும் உளர். அவர்களுக்கு ஓர் உதாரணம்: உடலை ஊடுகதிரால் பலகோணங்களில் படம்பிடித்து, அப்படங்களிலிருந்து உட்புறத் தோற்றத்தைக் கணித்து எழுப்பும் விரைவான முறை ஒன்றை, சென்னைப் பல்கலைக் கழகத்தில் நெடுநாள் பணிபுரிந்து பெங்களூர் சென்ற ஜி. என். ராமச்சந்திரனும், ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும் 1971-இல் வெளியிட்டனர். சி.டி. ஸ்கேன் கருவிகளில் பின்னாளில் பெரிதும் கையாளப்பட்டது இவ்வகைக் கணிதமே. ஆனால் அதே 1971-இல் முதல் நோயாளியைப் படம்பிடித்த கருவி எழுந்தது லண்டனில். ஹௌன்ஸ்பீல்டு என்ற பொறியாளர் அங்கே தனி வழியில் அதனை ஆக்கினார். கம்பெனியோடு பிரிட்டிஷ் சுகாதாரத் துறையும் செலவில் பங்கேற்றது. அறிவு எங்கும் பிறக்கலாம். அதனைக் கருவியாக்கிக் கட்டிலருகே கொண்டுவர, தளராத கை ஒன்று வேண்டும்.

நம் மருத்துவமனைகளின் பெரிய கருவிகள் பலவும் இன்றும் இறக்குமதியே. எனவே அந்தக் கை தளர்தல் ஆகாது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இறுதியாக ஒரு வார்த்தை. இவ்வகைச் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டோர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மருந்து உண்ணவேண்டும். ஊர் மாறினாலும் இரத்தப் பரிசோதனை தவறலாகாது. வால்வே தேவைப்படாத நிலை அதனினும் மேலானது. குழந்தைக்குத் தொண்டைவலியோடு காய்ச்சலும் கண்டால், சுக்குக் கஷாயத்தோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அது ருமாட்டிக் காய்ச்சலுக்கு வழிகோலும் கிருமியால் வந்ததாயின், காலத்தில் கொடுக்கும் பென்சிலின், பன்னிரண்டு ஆண்டு ஆராய்ச்சியில் விளைந்த வால்வை வேண்டாததாக்கிவிடும். அவ்வால்வை ஆக்கியோரும் அதனையே விரும்பியிருப்பர்.