ஈயம் கலந்த கெப்பாசிட்டர்: பயன் எவ்வளவு, கேடு எவ்வளவு?

மது, சூதாட்டம் பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனத்தைப் பாடம் நடத்தும்போது, ஒரே பொருளில் பயனும் கேடும் சேர்ந்திருக்கலாம், எது மிகைக்கிறது என்று எடைபோட வேண்டும் என்று உஸ்தாதுகள் விளக்குவார்கள். மின்னணுத் துறையும் ஈயத்தை அப்படி எடைபோட வேண்டி வந்தது.

நம் கைப்பேசிக்குள் கடுகைவிடச் சிறிய செராமிக் கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது தருவது இவற்றின் வேலை. உள்ளே இருக்கும் செராமிக்கின் 'மின்காப்பு மாறிலி' கூடக்கூட கெப்பாசிட்டரைச் சிறிதாகச் செய்யலாம். இந்த எண் காற்றுக்கு 1, தண்ணீருக்குச் சுமார் 80. 1950களின் பிற்பகுதியில் லெனின்கிராடில் ஸ்மோலென்ஸ்கி குழுவினர் உருவாக்கிய 'லெட் மெக்னீசியம் நயோபேட்' என்ற ஈயச் செராமிக்கிலோ அது 10,000ஐத் தாண்டியது.

அதைவிட முக்கியம், அது நடந்துகொள்ளும் விதம். வழக்கமான பேரியம் டைட்டனேட்டில் அந்த எண் 120 டிகிரி செல்சியஸ் அருகே செங்குத்தாக ஏறி இறங்கிவிடும். ஜமாஅத்தில் எல்லோரும் ஒன்றாக ருகூவுக்குப் போவதைப் போல, படிகம் முழுவதும் ஒரே சமயத்தில் மாறுகிறது. ஈயச் செராமிக்கில் மெக்னீசியமும் நயோபியமும் ஒழுங்கின்றிக் கலந்து அமர்ந்திருப்பதால், அவரவர் தனியாக சுன்னத் தொழுவதைப் போல, நானோ அளவுள்ள பகுதிகள் வெவ்வேறு வெப்பநிலையில் மாறுகின்றன. ஆகவே ஏற்ற இறக்கம் மென்மையாக அகன்றுவிடுகிறது. இவ்வகைப் பொருளையே 'ரிலாக்ஸர்' என்கிறார்கள். சூளையில் ஏறக்குறைய 1000 டிகிரியே போதும் என்பதால், உள்தகடுகளுக்கு விலை உயர்ந்த பலேடியத்தைக் குறைத்து வெள்ளியைக் கூட்டிக்கொள்ளலாம். ஹப்பிள் தொலைநோக்கியில் 1993ல் பொருத்திய கேமராவின் சிறு கண்ணாடிகளை நகர்த்தியதும் இந்தப் பொருள்தான்.

கேடும் சிறிதல்ல. சூளையில் ஈய ஆக்சைடு ஆவியாகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும், செராமிக்குகளுக்கு விலக்கு தந்தது. இதற்கிடையே நிக்கல் தகடு போட்ட பேரியம் டைட்டனேட் மலிவாக வந்துவிட்டது. நிக்கலை ஆக்சிஜன் குறைந்த சூளையில்தான் சுட முடியும். அங்கே ஈய ஆக்சைடு உலோகமாகிவிடும் என்பதால் ஈயச் செராமிக் அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை. 2013 ஜனவரியோடு குறைந்த மின்னழுத்தக் கெப்பாசிட்டர்களுக்கான விலக்கு முடிந்தது. 125 வோல்ட் ஏசி, 250 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் நீடித்தது. நிர்ப்பந்தத்திற்காகத் தரும் சலுகை, நிர்ப்பந்தம் நீங்கினால் நீங்கும் என்ற ஃபிக்ஹு விதியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் அந்தச் சட்டம் புதிய பொருட்களுக்கானது. பழைய சர்க்யூட் போர்டுகள் தில்லி சீலாம்பூரில் பிரிக்கப்பட்டன, முராதாபாத்தில் எரிக்கப்பட்டன. அங்கே சாம்பல் ராம்கங்கா ஆற்றங்கரையில் கொட்டப்பட்டது. அவற்றிலுள்ள ஈயத்தில் பெரும்பங்கு சால்டருடையது, கெப்பாசிட்டரின் பங்கு சிறிதே. பயன்பாட்டில் இருக்கும்வரை செராமிக்குக்குள் கட்டுண்டு கிடக்கும் ஈயம், அமிலத்திலும் நெருப்பிலும் போட்ட பிறகுதான் வெளியே வருகிறது.