ஓடிபிக்குக் கொடுத்த எண்

கடத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவுக்காக ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஓடிபி வந்துச்சாம்மா?" என்று கேட்கிறார் கணினி முன் இருப்பவர். வீட்டில் இருப்பதே ஒரு போன்தான். அது அப்பாவிடம், அப்பா வெற்றிலைத் தோட்டத்தில். "சரி, என் நம்பரையே போட்டுடறேன்" என்கிறார் அவர். உதவிதான். ஆனால் 5 ஆண்டு செல்லும் பதிவின் சாவி அந்த நிமிடமே வேறொருவர் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது.

எண்ணை ஏன் இப்படி விடாமல் கேட்கிறார்கள்? மின்னஞ்சல் முகவரிகளை ஒருவரே எத்தனை வேண்டுமானாலும் தொடங்கலாம். சிம் கார்டுக்கு அடையாள ஆவணம் வேண்டும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்புகளுக்கு மேல் கூடாது. அதனால் ஓடிபி கேட்டால் போலிக் கணக்கு தொடங்குபவருக்குச் செலவு கூடுகிறது, மாட்டிக்கொள்ளும் பயமும் வருகிறது. மொரப்பூரில் ரயில் ஏறுகிறவர்களுக்குத் தத்கால் பாடு தெரியும். ரயில் டிக்கெட்டை இணையத்தில் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. சுமார் 2.5 கோடி சந்தேகக் கணக்குகளை முடக்கியது. 2025 ஜூலை 15 முதல் இணையவழித் தத்கால் முன்பதிவுக்கு ஆதார் ஓடிபி கட்டாயம். இப்படிப்பட்ட இடங்களில் எண்ணைக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஒரு வேலைக்கு வாங்கிய எண்ணை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதுதான் அநியாயம். கணக்கின் பாதுகாப்புக்கென்று 14 கோடிக்கும் அதிகமானோர் கொடுத்த போன் எண்களையும் மின்னஞ்சல்களையும் ட்விட்டர் நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. அதற்காக 2022இல் அமெரிக்க அரசிடம் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. நம் ஊர்க் கடைகளிலும் பில் போட எண் கேட்கிறார்கள். எண் தராவிட்டால் பில் இல்லை என்று சொல்லக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்திவிட்டது. தர மறுக்கத் தயங்க வேண்டாம்.

இன்னொரு ஆபத்தைப் பலரும் யோசிப்பதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். உங்கள் பழைய கணக்குகளின் ஓடிபி அப்புறம் அவர் போனில்தான் வந்து விழும். பழைய எண்ணோடு இருந்த தகவல்களைக் காத்துக்கொள்வது முந்தைய சந்தாதாரரின் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விலை பார்த்து சிம் மாற்றும் நமக்கு இது பெரிய பாரம்.

எனவே எண்ணை மாற்றுவதற்கு முன்பே வங்கி, டி.என்.பி.எஸ்.சி., வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதியுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பா தோட்டத்திலிருந்து வரும்வரை அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்லுங்கள்; உங்கள் எண்ணைப் போடாதீர்கள்.