பெற்றோற் காரா, மின்காரா?

2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோர் மின்காரை விரும்புதல் இயல்பே. ஆயின், அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்சாரமும் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நிறுத்தப்பட்டதை நாம் மறத்தலாகாது. கூரைமேற் சூரியத்தகடு உண்டே எனின், சேமிப்புக்கலம் இல்லாதவிடத்து அதுவும் மின்வெட்டின்போது ஓய்ந்துவிடும். கம்பியிற் பணிபுரிவோரின் உயிர்காக்கும் ஏற்பாடு அது.

பழைய நிசான் லீஃப் வாங்க விழைவோர் வண்ணத்தையும் மெத்தையையும் பின்னர்ப் பார்க்கலாம். மின்கல மானியின் 12 கோடுகளுள் எஞ்சியவற்றையே முதலில் எண்ணுதல் வேண்டும். முதற்கோடு மறைந்தாலே கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று. அம்மின்கலத்துக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. நம் வெயிலோ அதற்குப் பகை. கல்லூரிக்கும் சந்தைக்கும் அஃது போதும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரே ஓட்டமாய்ச் செல்வோர் பெற்றோற் காரை இப்போதைக்கு விற்காதிருத்தலே நன்று.