வெள்ளிநீரும் மானி காட்டும் பத்தும்

சென்ற மாரியில் நண்பரொருவர் சீசாவொன்றுடன் வீட்டுக்கு வந்தார். மூன்று ஒன்பது வோல்ற் பற்றறி, இரண்டு வெள்ளிக் கம்பி, காய்ச்சி வடித்த நீர். இவற்றைக் கொண்டு அவரே தயாரித்த கூழ்நிலை வெள்ளி. நீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு மானியையும் கொண்டுவந்திருந்தார்.

"சேர், பத்துக் காட்டுது. சரிதானே?"

ஒரு காலத்தில் நான் இரசாயனவியல் விரிவுரையாளன். இன்று ஜேர்மன் தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்குகிறேன். 'சேர்' என்றால் இன்னும் இளகிவிடுகிறேன். ஆனாலும் அந்தப் பத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பத்து என்று அவர் கருதியது லீற்றருக்கு 10 மில்லிகிராம் வெள்ளியை. மானிக்கு வெள்ளி தெரியாது. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்திருப்பது கறியுப்புப் போன்றதொன்று என்ற எடுகோளில் ஓர் இலக்கமாக மாற்றிக் காட்டுகிறது. மின்னைக் கடத்துபவை அயன்கள். கூழாகத் திரண்ட வெள்ளித் துணிக்கைகள் அதன் கண்ணில் ஏறக்குறைய படுவதேயில்லை. காற்றிலிருந்து கரையும் காபனீரொட்சைட்டோ படுகிறது. கோட்பாடுகளை வரிக்குவரி சந்தேகிக்கும் நாம், இலக்கத்தைக் கண்டால் மட்டும் கைகட்டி நின்றுவிடுகிறோம்.

லேசர் ஒளிக்கதிரைப் பாய்ச்சினால் பாதை தெரியும், தின்டால் விளைவு. துணிக்கைகள் உண்டென்பதற்கு அது சாட்சி, எவ்வளவு என்பதற்கல்ல. உப்புச் சிட்டிகை இட்டால் வெள்ளிக்குளோரைட்டு வெண்மையாகக் கலங்கும். அது அயன்களுக்குச் சாட்சி.

வீட்டில் செய்யக்கூடிய நேர்மையான கணக்கு பரடேயினுடையது. ஒரு மில்லியம்பியர் மின்னோட்டம் ஒரு மணிநேரத்தில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் வெள்ளியைக் கம்பியிலிருந்து கரைக்கும். நண்பர் கால் லீற்றர் நீரில் சராசரி 2 மில்லியம்பியரை ஒரு மணிநேரம் செலுத்தியிருந்தார். 8 மில்லிகிராம், லீற்றருக்கு 32. இது மேல் எல்லை மட்டுமே. மற்றக் கம்பியில் கறுப்பாகப் படிந்ததும் அடியில் வண்டலானதும் இதில் கழியவேண்டும். எவ்வளவு கழியும்? சமையலறைத் தராசு அதைச் சொல்லாது. ஆகவே சீசாவில் இருப்பது பத்தாகவும் இருக்கலாம், முப்பதை நெருங்கியும் இருக்கலாம்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், அவர் தமது ஆறு வயது மகளுக்கும் தினம் இரண்டு தேக்கரண்டி கொடுத்துவந்தார். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வாய்வழி வெள்ளிக்கு வகுத்த அளவு, நாளொன்றுக்கு உடல்நிறையின் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். இருபது கிலோ பிள்ளைக்கு 0.1. உண்மையிலேயே பத்தென்றால் இரண்டு தேக்கரண்டியிலேயே அந்த எல்லை வந்துவிடும்; முப்பதென்றால் மூன்று மடங்கு. தோலில் படியும் வெள்ளி நீலச்சாம்பலாக்கும், பின்னர் நீங்காது. 2002 இல் மொன்டானாவில் செனற் தேர்தலில் நின்ற ஸ்ரான் ஜோன்ஸ், வீட்டில் தயாரித்ததைக் குடித்தே அந்நிறமானார்.

இலக்கம் சரியாக இருந்துவிட்டால் அது மருந்தாகிவிடும் என்பதுமில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999 இலேயே, மருத்துவரின் சீட்டின்றி விற்கும் வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையென்றோ பயனுள்ளவையென்றோ ஏற்கப்பட்டவையல்ல என அறிவித்துவிட்டது.

சரியான அளவு வேண்டுமானால், மாதிரியை நைத்திரிக்கமிலத்தில் கரைத்துத் துணிக்கைகளையும் அயனாக்கி, அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் 328.1 நனோமீற்றரில் பார்க்கவேண்டும். கூலிக்குச் செய்துதரும் ஆய்வுகூடங்கள் உண்டு என்றேன். செலவைக் கேட்டார். பிறகு சீசாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். தான் குடிப்பதை நிறுத்தவில்லை. சந்திக்கும்போதெல்லாம் அவரது நகங்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.