பிராணபயமும் பாதி மாத்திரையும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தை ஒட்டினாற்போல் அமைந்த செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில், பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் தையல் மிஷின்களின் ஓசை நெடுநேரம் ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். பீஸ் கணக்கில் நைட்டி தைக்கும் முப்பது வயதுப் பெண்ணொருத்தி, வேலைக்கு நடுவே, காரணம் ஏதும் புலப்படாமல், மார்பு படபடத்து, மூச்சு முட்டி, விரல் நுனிகள் மரத்து, உள்ளங்கை வியர்த்து, "யக்கா, என்னமோ பண்ணுது, உசுரு போயிரும் போல இருக்கு" என்று பக்கத்து மிஷினில் இருப்பவளின் தோளைப் பற்றிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோவில் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஈசிஜி சரியாக இருக்கிறது. சற்றே ஏறியிருந்த ரத்த அழுத்தமும் அரைமணியில் இறங்கிவிடுகிறது. கேஸ் ட்ரபிளாக இருக்கும் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவைக்கிறார்கள். பத்து நாளில் அதே அவஸ்தை மறுபடியும் வருகிறது. இந்த முறை பேருந்தில். அதன் பிறகு அவள் தனியாகப் பேருந்து ஏறுவதில்லை.

இந்த அவஸ்தைக்கு வைத்திய சாஸ்திரம் வைத்திருக்கும் பெயர் பீதித் தாக்குதல். டாக்டர்கள் பேச்சில் 'பானிக் அட்டாக்'. திடீரென்று தொடங்கிப் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்தை எட்டி, பிறகு தானே தணிகிற ஒன்று அது. அந்தப் பத்து நிமிஷத்தில் அதை அனுபவிப்பவருக்கு, தாம் இதோ சாகப்போகிறோம், அல்லது சித்தம் கலங்கப்போகிறது என்பதில் லவலேசமும் சந்தேகம் இருப்பதில்லை. இதைப் பாசாங்கு என்றோ, வேலைக்குப் பயந்த சாக்கு என்றோ வீட்டார் நினைப்பது பெரிய அநியாயம். சரீரத்தில் நடப்பது முழுக்க முழுக்க வாஸ்தவம்.

மூளையின் ஆழத்தில், ஆபத்தை முகர்ந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஒரு சிறு பகுதி உண்டு. அன்னியரைக் கண்டால் மூர்க்கத்தோடு பாய்ந்துவிடுகிற ராஜபாளையத்துக் காவல்நாயைப் போல, அது சில வேளைகளில் அன்னியர் எவரும் இல்லாமலே குரல் கொடுத்துவிடுகிறது. உடனே அட்ரீனலின் சுரந்து, இருதயம் வேகமாக அடித்து, ரத்தம் பெரிய தசைகளை நோக்கி ஓடி, சுவாசம் துரிதப்படுகிறது. ஓடவோ எதிர்க்கவோ வேண்டிய நிர்ப்பந்தம் உண்மையில் இருந்தால் இவையெல்லாம் உயிரைக் காப்பவை. உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி ஒருவர் வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, ரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கித் தலை சுற்றுகிறது. உதடும் விரல்களும் மரத்துக் குறுகுறுக்கின்றன. சிலருக்குக் கைவிரல்கள் கோணி இழுத்துக்கொள்ளவும் செய்கின்றன. காற்று போதவில்லை என்று தோன்றத் தோன்ற அவர் இன்னும் இழுத்து மூச்சு விடுகிறார். அதனால் தலைசுற்றல் இன்னும் அதிகமாகிறது. 1986-ல் டேவிட் கிளார்க் என்னும் ஆங்கில உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் தெளிவாக எடுத்துக் காட்டினார்: படபடப்பை மாரடைப்பு என்றும், தலைசுற்றலைப் பைத்தியத்தின் ஆரம்பம் என்றும் மனம் அர்த்தப்படுத்திக்கொள்ளும்போது, பயம் சரீரக் குறிகளையும், சரீரக் குறிகள் பயத்தையும் மாற்றி மாற்றி வளர்க்கின்றன.

வியாதி புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் கண்ட காரணமற்ற மார்புப் படபடப்பை ஜேக்கப் டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871-ல் எழுதி வைத்தார். அதே ஆண்டில் பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால், திறந்த மைதானத்தையும் வெறிச்சோடிய வீதியையும் தனியே கடக்க முடியாமல் தவித்த மூன்று ஆடவர்களைப் பற்றி எழுதினார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று விளங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. நியூயார்க்கில் ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் என்பவர், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இத்தகைய நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் சென்றும் பலன் ஒன்றும் இல்லை என்றே நோயாளிகள் சொன்னார்கள். ஆனால், நாளுக்குப் பல தடவை "சாகப்போகிறேன்" என்று நர்சுகளின் மேஜையை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தவர்கள் ஓடிவருவதை நிறுத்திவிட்டதை அங்குள்ள பணியாளர்கள் கவனித்தார்கள். பொதுவான கவலை அப்படியே இருக்க, தாக்குதல் மட்டும் நின்றுபோயிருந்தது. இரண்டும் வெவ்வேறு என்பது இப்படித்தான் வெளிப்பட்டது.

நம் பக்கத்தில் இதற்கு முதலில் அழைக்கப்படுபவர் டாக்டர் அல்லர். "பயந்திருக்கா, மந்திரிச்சுட்டு வாங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். விபூதி போட்டு, வேப்பிலை அடித்து, கறுப்புக் கயிறு கட்டுவார்கள். இதைக் கண்டு நகைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயந்தவளின் நெற்றியில் கை வைத்து, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று ஒருவர் நிதானமாகச் சொல்வது அவள் சுவாசத்தைச் சற்று ஆற்றத்தான் செய்யும். சங்கடம் அதற்கு அப்பால் இருக்கிறது. மனநல வைத்தியரிடம் போனால் ஊர் என்ன பெயர் வைக்குமோ என்ற அச்சம் நம் ஜனங்களை விட்டு இன்னும் அகலவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, அண்டை மாவட்டமான ராமநாதபுரத்தின் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை இத்தேசம் கண்டது. மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் அந்தச் சங்கிலி தோன்றுமானால் அவர்களைக் குறைகூற முடியாது. ஆகவே படபடப்புக்காரர் மனநல வைத்தியரைத் தவிர்த்துவிட்டு, மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டு ஒன்று போதும். சில வேளைகளில் அதுவும் வேண்டியிருப்பதில்லை. நாத்தனாரின் அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மாத்திரைகள் முந்தானை முடிச்சில் இருக்கும்.

அந்தச் சிறு மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலம் அல்லது குளோனசெபம். இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தைக் கண்டவர், சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனிக்காக அமெரிக்காவில் உழைத்த லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் ரசாயன நிபுணர். 1960-ல் லிப்ரியமும் 1963-ல் வாலியமும் விற்பனைக்கு வந்தன. மூளையின் கிளர்ச்சியை அடக்குவதற்கென்று இயற்கையே வைத்திருக்கும் காபா என்ற பொருளின் வேலையை இம்மருந்துகள் பலப்படுத்துகின்றன. அதனால் தசை தளர்கிறது, மனம் அமைதிப்படுகிறது, தூக்கம் வருகிறது. அதற்கு முன் புழங்கிய பார்பிட்டுரேட் மருந்துகள் அளவு மிஞ்சினால் உயிரையே வாங்கிவந்தமையால், இவற்றைக் கண்ட உலகம் ஆனந்தமடைந்ததில் வியப்பில்லை.

இங்கே வாசகர்கள் ஒரு கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். தாக்குதல் உச்சத்தை எட்டிவிடும் நேரம் பத்து நிமிஷம். விழுங்கிய மாத்திரை கரைந்து, ரத்தத்தில் கலந்து, மூளையில் தன் வேலையைத் தொடங்க ஏறக்குறைய அரைமணி ஆகும். ஆக, மாத்திரை போய்ச் சேரும்போது தாக்குதல் தானாகவே வடிந்துகொண்டிருக்கிறது. காப்பாற்றிய பெருமையோ மாத்திரைக்குப் போய்விடுகிறது. மாத்திரை இல்லாவிட்டாலும் நான் பிழைத்திருப்பேன் என்று அந்தப் பெண் கற்றுக்கொள்ள இருந்த ஒரே சந்தர்ப்பம் ஒவ்வொரு தடவையும் இப்படிக் கைநழுவிப் போகிறது. சில மாதங்களில், மாத்திரை முந்தானையில் இல்லை என்ற நினைவே தாக்குதலைக் கிளப்பிவிடுகிறது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடிய பக்க விளைவாக எண்ணுகிறேன். ஆனால் மருந்து டப்பாவில் வைத்திருக்கும் காகிதத்தில் இது அச்சாவதில்லை.

அச்சாகிற விளைவுகளும் சாமானியமானவை அல்ல. சில வாரங்களிலேயே சரீரம் மருந்துக்குப் பழகிக்கொண்டு கூடுதல் அளவைக் கேட்கத் தொடங்கலாம். அல்பிரசோலம் ரத்தத்தில் ஏறத்தாழ அரைநாளில் பாதியாகக் குறைந்துவிடுவதால், இரவில் விழுங்கியவருக்கு மறுநாள் பகலில் வரும் நடுக்கம் நோயினாலா, மருந்து இறங்குவதனாலா என்றே தெரியாமல் போகிறது. ஞாபகம் மங்குகிறது. பகல் மயக்கத்தில் இருசக்கர வண்டி ஓட்டுவதும், மின்சார மிஷினின் ஊசிக்கு அருகே விரலை வைத்து வேலை செய்வதும் ஆபத்து. வயோதிகர்கள் இரவில் ஒன்றுக்குப் போக எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். மதுவோடும், வலிக்காகத் தரப்படும் அபின் வகை மருந்துகளோடும் சேர்ந்தால் சுவாசமே அடங்கிப்போகக்கூடும். நீண்டகாலம் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினாலோ, உறக்கமின்மை, கடும் பீதி, சில சமயம் வலிப்பும் வரலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளிலிருந்து மீள முயல்வோருக்கென்றே தனி மருத்துவமனைப் பிரிவு நடத்தினார். நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-ல் வைத்தியர்களை எச்சரித்தது. நம் நாட்டிலும் 2014 மார்ச் முதல் அல்பிரசோலமும் டயசெபமும் எச்-1 பட்டியலில் உள்ளன. வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது. வாங்கியவர், எழுதியவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு எல்லாக் கடைகளிலும் நேர்மையாக எழுதப்படுமானால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

மெதுவாக வேலை செய்யும் மருந்துகள் வேறு வகை: எஸிட்டலோபிராம், செர்ட்ரலின் முதலியன. வருஷக்கணக்காகத் தொடரும் பீதி நோய்க்கு இன்று முதலில் தரப்படுபவை இவையே. இவை பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதிலும் முதல் வாரத்தில் படபடப்பு சற்று அதிகமாவதும் உண்டு. இதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று நோயாளி நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார். குமட்டல் சில நாளில் அடங்கும். தாம்பத்திய நாட்டமும் திருப்தியும் குறைவது அடங்காமலும் இருக்கலாம். நம்மவர் வெட்கத்தால் அதை யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. இடுப்புவலிக்கு டைக்ளோபெனாக் போட்டுக்கொள்ளும் உழைப்பாளிக்கு வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாகும் அபாயம் இம்மருந்தோடு சேரும்போது அதிகம். முதியோருக்கு ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கித் தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களை ஆரம்ப வாரங்களில் வீட்டார் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் சிலருக்கு அப்போது தலைதூக்குவதுண்டு. படபடப்பை மட்டும் அடக்கும் புரொப்ரனலால் என்ற மருந்தும் புழக்கத்தில் உண்டு. இதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நூற்பாலைகள் நிறைந்த நம் ஊர்களில் இழுப்பு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது, மூச்சுக்குழல் சுருங்கிவிடும். சர்க்கரை நோயாளிக்கோ, சர்க்கரை தாழ்ந்துபோவதைக் காட்டும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும்.

முதல் தடவை வரும்போது இருதயத்தைப் பரிசோதித்தே தீரவேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வருவதுண்டு. அவை இல்லை என்று தெரிந்தபின், மருந்தோடு கூடவோ மருந்து இல்லாமலோ, பேச்சு வழியான சிகிச்சை ஒன்று உண்டு. நாற்காலியில் உட்காரவைத்து வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் அதே தலைசுற்றல், அதே மரத்துப்போதல். "இதுதானேம்மா அன்னைக்கு வந்துச்சு?" என்று கேட்டால், "ஆமா டாக்டரம்மா, இதேதான்" என்கிறாள் அந்தப் பெண், பாதி திகைப்பும் பாதி நிம்மதியுமாக. மூச்சைக் கொண்டு வரவழைக்க முடிந்ததை மாரடைப்பு என்று இனி அவள் மனம் எளிதில் நம்பாது. பிறகு, கூட ஓர் ஆளோடு ஒரு நிறுத்தம், தனியாக ஒரு நிறுத்தம் என்று பேருந்துக்குத் திரும்புகிறாள். வழியில் படபடப்பு வந்தாலும் இறங்கிவிடாமல், வடியும் வரை இருக்கையிலேயே இருக்கப் பழகுகிறாள்.

இதற்கெல்லாம் மதுரைக்கோ சென்னைக்கோ போனால்தான் ஆயிற்று என்ற காலம் போய்விட்டது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகம் முழுவதும் உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம். இருந்தும், 2015–16-ல் எடுக்கப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, மனநோயாளிகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை.

பல மாதங்களாகத் தினமும் மாத்திரை விழுங்கிவருபவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தக்கூடாது. "நிப்பாட்டினா திரும்ப வந்திருமோ?" என்ற கேள்வி நியாயமானது. அளவைக் குறைத்த சில நாளில் தோன்றி, காத்திருந்தால் தணிந்துவிடுகிற நடுக்கம் பெரும்பாலும் மருந்து விலகுவதன் அடையாளம். வாரங்கள் கடந்தும் வளர்ந்துகொண்டே போவது பழைய நோயாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, தேதியும் அளவும் எழுதிய ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்தியருக்கு மிகவும் உதவும். சாதாரணமாக ஒவ்வொரு படியாகச் சிறிதளவு குறைத்து, இரண்டு வாரமோ அதற்கு மேலோ அதே அளவில் நிறுத்திப் பார்த்து, பிறகுதான் அடுத்த படிக்கு இறங்குவார்கள். சீக்கிரம் கரையும் அல்பிரசோலத்துக்குப் பதில் நெடுநேரம் நிற்கும் டயசெபத்துக்கு மாற்றி, அதிலிருந்து இறக்குவதும் உண்டு. வருஷக்கணக்காகச் சாப்பிட்டவருக்கு இது பல மாத வேலை. சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும், அதில் தவறொன்றும் இல்லை.