திடலும் அரங்கமும்

கேமரன் மலையின் நகர்களுள் ஒன்றாகிய தானா ராத்தாவின் பெயருக்கு மலாய் மொழியில் 'சமநிலம்' என்பது பொருள். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த இம்மலைநாட்டில் சமநிலம் அரிது. சரிவுகள் தேயிலைக்கு ஏற்றவை. 1929இல் தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டம் அதற்குச் சான்று. காற்பந்துக்கோ சரிவு ஆகாது. அனைத்துலக ஆட்டத்திற்குப் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடைய சமதளம் பரிந்துரைக்கப்படுகிறது.

இம்மலையில் நாம் கண்ட மாணவர் ஒருவர், தம் கட்டுரையில் பள்ளியின் புல்வெளியை 'விளையாட்டரங்கம்' என்றே எழுதியிருந்தார். அங்கே இருக்கைகளும் இல்லை, விளக்குக் கம்பங்களும் இல்லை. காரணம் வினவினோம். "திடல் என்பது தோட்டத்துச் சொல்தானே, ஐயா" என்றார். அவ்விடை நம்மைச் சிந்திக்க வைத்தது.

திடல் என்பதன் பழம்பொருள் மேட்டுநிலம். காவிரிப் படுகையில் வயல்களுக்கிடையே நீர் தேங்காது உயர்ந்து நிற்கும் நிலத்தைத் திடல் என்பர். அங்குப் பல ஊர்ப்பெயர்கள் இச்சொல்லில் முடிகின்றன. பின்னர் அது வெட்டவெளியையும், மலேசியத் தமிழில் ஆடுகளத்தையும் குறிக்கலாயிற்று. தமிழகத்தில் பெருவழக்காகிய 'மைதானம்' அரபு, பாரசீகம் வழியாக வந்தது. தோட்டத்துச் சொல் எனத் தாழ்வாகக் கருதப்பட்டதே பழந்தமிழ்ச் சொல்லாக இருப்பதைக் காண்க.

புதுமுறைக் காற்பந்துத் திடலின் அமைப்பும் இப்பழம்பொருளுக்கு அணுக்கமானது. புல்லுக்கு அடியில் மணற்படுகை, அதன்கீழ் சரளை, அதற்கும்கீழ் துளையிட்ட குழாய்கள் என அடுக்கடுக்காக அமைப்பர். மேற்பரப்பிற்கும் கண்ணுக்குப் புலப்படாத மென்சரிவு தருவர். மழைநீர் தேங்காதிருத்தலே இவ்வளவு முயற்சிக்கும் நோக்கம். மழைமிகுந்த மலையூருக்கு இருக்கைகளைவிட இவ்வடிகாலே முதல் தேவை.

இனி அரங்கம். அரங்கு என்பது ஆட்டத்திற்கென வரையறுத்த இடம். கல்லாதவன் அவையில் பேசுதலை, கட்டம் வகுத்த அரங்கில்லாமல் வட்டாடுதற்கு ஒப்பிடுகிறது திருக்குறளின் 401ஆம் குறள். சிலப்பதிகார அரங்கேற்று காதையோ, ஆடலரங்கிற்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் வகுத்துரைக்கிறது. ஆங்கிலச் 'ஸ்டேடியம்' என்பதன் மூலமாகிய கிரேக்கச் சொல்லும் முதலில் ஒரு நீள அளவையே. பின்னர் அத்தொலைவு ஓடும் பந்தயத்தையும், இறுதியில் பந்தயம் நிகழும் இடத்தையும் குறித்தது. இரு மொழிகளிலும் அளவும் ஆட்டமும் இணைந்தே வந்துள்ளன.

ஆகவே, ஆடும் நிலம் திடல். திடலோடு பார்வையாளர் இருக்கைகளும் சூழ்ந்த முழுக் கட்டடம் விளையாட்டரங்கம். குவாந்தானில் உள்ள தாருல் மக்மூர் அரங்கம்; அதனுள் பந்து உருள்வது திடலில். இவ்வேறுபாடு தெளிந்தால், ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்னும் மயக்கம் நீங்கும்.

காற்பந்து என்னும் சொல்லும் இத்தகையதே. கால் + பந்து என்பது, பால் + குடம் பாற்குடம் ஆவதுபோல, லகரம் றகரமாகத் திரிந்து புணர்ந்தது. தமிழகத்தார் புணர்க்காது 'கால்பந்து' என எழுதுகின்றனர். இலங்கையர் வழங்கும் உதைபந்தாட்டத்தில் 'உதைபந்து' வினைத்தொகை. ஆதலின் அங்கு வல்லினம் மிகவில்லை. நம் வகுப்பறையில் காற்பந்து என்றே எழுதுவோம். பிற நாட்டு வழக்கை எழுதிய மாணவரிடம் சிவப்புக் கோட்டோடு நின்றுவிடாது, அவ்வடிவம் எங்கு வழங்குகிறது என்பதையும் கூறுவோம்.

கேமரன் மலைக்கு ஒருநாள் பேரரங்கம் வரலாம். அதுவரை பள்ளிப் புல்வெளியைத் திடல் என்றே பிள்ளைகள் கூசாமல் எழுதட்டும். அச்சொல்லின் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம்.