மரபணு வெளிப்பாடும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்

நூலகத்தில் ஆயிரம் நூல்கள் இருப்பினும் ஒருவர் எடுத்துப் படிப்பவை சிலவே. நம் உயிரணுக்களின் நிலையும் அதுவே. உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதி அமைந்துள்ளது. எனினும், கண்ணின் உயிரணு சில மரபணுக்களைப் படிக்கிறது. தோலின் உயிரணு வேறு சிலவற்றைப் படிக்கிறது. படிக்கப்பெறும் மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பெற்றுப் புரதமாக உருப்பெறுகிறது. இதனையே மரபணு வெளிப்பாடு என்பர். இவ்வொழுங்கு குலைந்தால் விளையும் தீங்கிற்குத் தக்க சான்று கருப்பை வாய்ப் புற்றுநோயாகும்.

இந்நோய்க்கு மூலகாரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ். ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசன் குழுவினர் இதன் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை 1984இலும் இப்புற்றுக் கட்டிகளில் கண்டறிந்தனர். அவர் 2008இல் நோபல் பரிசு பெற்றார். உலகில் இந்நோயுற்றோருள் பத்தில் எழுவருக்கு இவ்விரு வகைகளே காரணம். பாலுறவின் வழிப் பரவும் இத்தொற்று மிகப் பொதுவானது. ஆதலின், இதனை ஒழுக்கக் குறையாகக் கருதுதல் பொருந்தாது.

தொடக்கத்தில் இவ்வைரஸின் ஈ2 என்னும் புரதம், ஈ6, ஈ7 ஆகிய மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். வைரஸின் மரபுப்பொருள் நம் மரபணுத் தொகுதியோடு இணையும்போது ஈ2 மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. காவல் நீங்கியதும் ஈ6, ஈ7 புரதங்கள் பெருகுகின்றன. பழுதுற்ற உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதத்தை ஈ6 அழிக்கிறது. உயிரணு அளவின்றிப் பிரியாமல் காக்கும் ஆர்.பி. புரதத்தை ஈ7 செயலிழக்கச் செய்கிறது. விளைவு, மூடியிருக்க வேண்டிய ஏடுகளை உயிரணு ஓயாது படிக்கிறது, ஓயாது பிரிகிறது. அந்நிலையில் பி16 என்னும் புரதம் மிகுந்து காணப்படும். திசுவில் அதனைச் சாயமேற்றிக் கண்டு மருத்துவர் நோயின் போக்கை உணர்கின்றனர்.

ஆயினும், அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலோரிடம் இத்தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். நிலைத்து நின்றாலும், நல்ல நோயெதிர்ப்பாற்றல் உடையவரிடம் அது புற்றாக முதிர 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்நீண்ட தவணையை வீணாக்காதிருத்தலே அறிவுடைமை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தை வெறுங்கண்ணால் கண்டறியும் எளிய சோதனையே அது. அச்சோதனையும் உரிய சிகிச்சையும் நோயைக் கால் பங்கும், இறப்பை மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலும் குறைத்தன.

2006 முதல் தடுப்பூசியும் பயன்பாட்டில் உள்ளது. 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்கு அதனை இடுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. எனினும், முன்னரே புகுந்த தொற்றை அது நீக்காது. எனவே, வயதுவந்த பெண்டிர்க்குச் சோதனை இன்றியமையாதது.

வலி தோன்றும்வரை காத்திருப்பதும், நாணத்தால் மருத்துவரை நாடாதிருப்பதும் நம் இல்லங்களில் காணும் வழக்கம். அன்னையரும் உடன்பிறந்தாரும் நலமாக இருக்கும்போதே சோதனைக்குச் செல்ல வேண்டும். அதனை அவர்களுக்கு எடுத்துரைத்து, உடன் அழைத்துச் செல்வது கற்றோர் கடன்.